கராஜில் ஒரு சிட்டிகை

எண்பதுகளில் ஹூஸ்டன் பக்கம் சுகர் லேண்டில் இருந்தோம். என் கணவருக்கு எண்ணெய் கம்பெனியில் வேலை. வேலை பார்க்க எனக்கு விசா அனுமதி கிடையாது. சும்மா உட்கார்ந்து பைத்தியம் பிடிப்பதற்குப் பதில் பக்கத்துக் காலேஜில் சாயங்கால வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். ஜார்ஜ் மன்னர்கள் காலத்து இங்கிலாந்து, அந்த ஊர்க்காரர்களின் கேளிக்கைகள், கெட்ட பழக்கங்கள். ஜின் குடித்தே அழிந்த ஏழைகள், விடிய விடியச் சீட்டாடிய சீமாட்டிகள் எல்லாரும் வந்து போனார்கள். ஒருநாள் டீச்சர் ஸ்லைடு போட்டுக் காட்டியது மூக்குப்பொடி டப்பாக்கள். தங்கத்தில் ஒன்று, தந்தத்தில் ஒன்று, உடுப்புக்கு ஒன்று என்று பிரபுக்கள் வைத்திருந்தார்களாம். விருந்தில் டப்பாவை நீட்டுவதே பெரிய மரியாதையாம். வகுப்பில் நான் மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

சிரிக்காமல் என்ன செய்வது? எங்கள் வீட்டுப் பிரபு அந்த நேரம் கராஜில், புல் வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடி பொடி போட்டுக்கொண்டிருப்பார்.

என் மாமனாரைத்தான் சொல்கிறேன். மாமியார் போன பிறகு ஒரே மகனோடு இருக்கலாமென்று வந்தவர். வந்த வாரமே என் வீட்டுக்காரர், இவர், சட்டம் போட்டுவிட்டார்.

“அப்பா, ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ்லாம் வர்ற வீடு. தும்மலும் கறை படிஞ்ச கர்சீப்பும், பாக்கவே அசிங்கமா இருக்கு. இந்தக் கர்மத்தை கராஜோட வெச்சுக்கோங்க.”

அதே ஃப்ரெண்ட்ஸ் சனிக்கிழமை வந்தால் நடு ஹாலில் ஸ்காட்ச் பாட்டில் திறக்கும். அது கெட்ட பழக்கம் இல்லை, சோஷியல். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வகுப்பில் கேட்டதை மாமாவிடம் சொன்னேன்.

“அப்ப தொரைங்க நடு ஹால்லயே உக்காந்து போட்டிருக்காங்க!” என்று குலுங்கிச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சின்ன வயசுல இவன்தாம்மா கடைக்கு ஓடிப்போய் பொடி வாங்கிட்டு வருவான். பொடி கட்டின வாழமட்டையப் பிரிச்சதும் முதல் தும்மல் இவனோடதுதான். நூறு ஆயுசும்பேன். ‘இன்னொரு தடவை சொல்லுப்பா’ன்னு வேணும்னே மறுபடி தும்முவான். அவன் பக்கத்துல உக்காந்து ஒரு சிட்டிகை போடணும். வேறென்ன கேக்கறேன்?”

ராத்திரி சாப்பிடும்போது நான் பேச்சை எடுத்தேன். “இங்கிலாந்து பிரபு போட்டா நம்ம வீட்லயும் போடணுமா? நீ வேற என்கரேஜ் பண்ணாத” என்றார் இவர். மாமா தலை நிமிராமல் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

ஆகஸ்டு வந்ததும் டெக்ஸஸ் வெயிலில் கராஜ் அடுப்பாகக் கொதித்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், வீடு நிறைய ஆட்கள். மாமா வழக்கம்போல் எழுந்து கராஜுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சிரிப்பும் அரட்டையுமாக நேரம் போனது. “ஐஸ் தீந்துபோச்சு, கொண்டு வாயேன்” என்று இவர் குரல் கொடுத்தார். இன்னொரு ஃப்ரிட்ஜ் கராஜில்தான் இருந்தது. கதவைத் திறந்தேன். மாமா தரையில் கிடந்தார். மூடி திறக்காத டப்பா கையிலேயே இருந்தது. ஆம்புலன்ஸ் வந்து ஒன்றும் பயனில்லை. மாரடைப்பு, வெயிலும் சேர்ந்துகொண்டது என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்தது. இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. துக்கம் கேட்டு யாராவது போன் பண்ணினால், கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தார் என்று இங்கிலீஷில் சொல்வார். எனக்கு இவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்தேன். இவர் ஹால் சோபாவில், ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மடியில் மாமாவின் டப்பா. மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து மூக்கில் வைத்தார். பழக்கமில்லாத மூக்கு, வீடு அதிரத் தும்மினார். பிறகு பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

நூறு ஆயுசு என்று நானாவது சொல்லியிருக்கலாம். வாசல் பக்கமே நின்றுவிட்டேன். நான் வந்து நிற்பதை இவர் கவனிக்கவேயில்லை. இன்னொரு சிட்டிகை எடுத்தார். மறுபடியும் தும்மிவிட்டு, அந்தக் காலி இடத்தைப் பார்த்து, “சொல்லுப்பா” என்றார்.