ஊருக்குப் பறந்த பூட்ஸ்

போன வருடம், துபாய் கராமாவில் எங்கள் மகனுக்குப் பத்து மாதம் ஆகியிருந்தபோது நடந்தது இது.

என் கணவர் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அதற்கு முன் சென்னையில் பத்து வருடம் இரண்டாம் டிவிஷன் கிளப்களில் ஃபார்வர்டாக ஆடியவர். முதல் டிவிஷனுக்கு ஒருமுறைகூட ஏறவில்லை. ஆனாலும் பந்தை விடவில்லை. இங்கே வார இறுதியில் நடக்கும் சின்ன லீகில், தமிழர்கள் சேர்ந்து அமைத்த அணிக்கு முப்பத்தைந்து வயதிலும் கோல் அடித்துக்கொண்டிருந்தார். அந்த அணி முதல்முறையாக இறுதிப் போட்டிக்கு வந்தது. இதுதான் தன் கடைசி மேட்ச் என்று சொல்லியிருந்தார்.

எனக்கு அவருடைய வலது முழங்கால்தான் கவலை. முந்தின மாதம் வீங்கி, ஒரு வாரம் நொண்டிக்கொண்டே டியூட்டிக்குப் போனார். கால் போனால் வேலை போகும், வேலை போனால் எங்கள் மூவரின் விசாவும் போகும் என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. வாய்விட்டுச் சொல்லவும் தயக்கம். போட்டிக்கு முதல் நாள் அவருடைய பூட்ஸை எடுத்து ஒளித்துவிட்டேன்.

ஒளித்த இடம்தான் தப்பு. லீவில் ஊருக்குப் போகும் பக்கத்து ஃப்ளாட் அக்காவிடம் கொடுத்தனுப்ப, பால்பவுடர், சோப்பு எல்லாம் போட்டு ஒரு அட்டைப்பெட்டி வைத்திருந்தோம். அதன் அடியில் வைத்தேன். அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விமானம். சனிக்கிழமை போட்டி முடிந்ததும் எடுத்துவிடலாம் என்பது என் திட்டம்.

சனிக்கிழமை காலை மகனைக் குளிப்பாட்டிவிட்டு வந்து பார்த்தால் பெட்டியைக் காணோம். அக்காவின் டிக்கெட் ஒரு நாள் முன்னால் மாறிவிட்டதாம். கணவரே டேப் ஒட்டி, மூன்று மாடி இறங்கி, தோளில் சுமந்துபோய் டாக்ஸியில் ஏற்றியிருக்கிறார்.

மதியம் பூட்ஸைத் தேட ஆரம்பித்தார். கட்டிலுக்கு அடியில், பால்கனியில், தொட்டிலில்கூடப் பார்த்தார். கடைசியில் சோபாவில் உட்கார்ந்து, "பரவால்ல விடும்மா, நான் வெளியில உக்காந்து பாத்துக்கறேன்" என்றார். சென்னையில் ஆடிய பத்து வருடத்தில் பாதி நாள் பெஞ்சில் உட்கார்ந்தவர் சொன்ன அந்த வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

பெட்டி இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்போ என் பூட்ஸை நானேவா தூக்கிட்டுப் போய் ஏத்திவிட்டேன்?" என்று கேட்டுவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மைதானத்தில் கோல்கீப்பரிடம் ஒரு பழைய ஜோடி இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. "பயப்படாதேங்கோ தங்கச்சி, உங்கட மனுசன் வெறுங்காலோட ஓடினாலும் கோல் அடிப்பார்" என்றார். பூட்ஸ் ஒரு சைஸ் பெரிது. மகனின் காலுறைகளைக் கழற்றி, முன்பக்கம் நானே திணித்துக் கொடுத்தேன்.

ஒரு கோல் அடித்தார். கார்னரிலிருந்து வந்த பந்து அவருடைய அந்த வலது முழங்காலிலேயே பட்டு உள்ளே போனது. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். ஆனால் எதிரணிக்காரர்கள்கூட அந்தக் கோலைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் வெறுங்காலோடு இருந்த மகனைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார், நொண்டாமல்.

அடுத்த மாதம் லீவு முடிந்து வந்த அக்காவோடு பூட்ஸும் திரும்பி வந்தது, ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலத்தோடு. கடைசி மேட்ச் என்றவர் அந்த வாரமே மறுபடியும் ஆடப் போனார். எனக்குப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அதை ஒளித்து வைக்காமல் அவரிடமே சொல்லிவிட்டு, பூட்ஸை எடுத்து வாசலில் வைக்கிறேன்.