மாமி வீட்டுக் கடப்பு

என் மூக்கு இடப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். போன மாதம் அந்த மூக்குக்குக் கைதட்டல் கிடைத்தது. புளியந்தீவில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் ரக்பிப் பிள்ளைகள் மலேசியாவுக்கு விளையாடப் போகிறார்கள். அவர்களை வழியனுப்ப மண்டபத்தில் ஒரு கூட்டம். முதன்முதலாகக் கடல் தாண்டிப் போய் விளையாடிய அணியில் மிஞ்சியிருப்பவன் என்று என்னை மேடையில் இருத்தினார்கள். பள்ளிக்கூடத்துக்காக மூக்கை உடைத்துக்கொண்டவர் என்று அதிபர் அறிமுகம் செய்தார். பிள்ளைகள் எழுந்து நின்று தட்டினார்கள். நானும் கும்பிட்டேன். பேசக் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்று சைகை காட்டிவிட்டு இருந்துவிட்டேன்.

தொண்டைக்கு ஒன்றுமில்லை. அந்த அணியில் நான் நின்ற இடம் என்னுடையதல்ல. மேடையில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. எங்கள் ஊர் பாலம் தாண்டி வாவிக்கரையில் இருந்தது. கரையோடு போகும் மணல் வீதியின் தொடக்கத்தில் அம்மாவின் அண்ணனான மாமாவின் வளவு. அதே வீதி முடியும் இடத்தில் எங்கள் வளவு. மாமாவுக்கு ஒரே மகன், என் மச்சான். அவனும் நானும் ஒரே வகுப்பு. இருவருக்கும் சேர்த்து ஒரு சைக்கிள். மிதிப்பது அவன், பாரில் இருப்பது நான். எனக்கு மிதிக்கத் தெரியாமல் இல்லை. அவனுக்கு என்னை ஏற்றிக்கொண்டு போவதில் ஒரு சந்தோஷம்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ரக்பியைக் கொண்டுவந்தவர் கண்டியில் படித்துவிட்டு வந்த ஒரு மாஸ்டர். அந்த நீள்வட்டப் பந்தை எங்கள் ஊரில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் கால்பந்துக்காரர் இடம் தரமாட்டார்கள். ஆகவே வெள்ளாமை வெட்டி முடிந்த வயலில், வெட்டிய நெல்லின் ஒட்டுத்தாள் முழங்காலைக் கீற, பழகினோம். மாமா ஒருநாள் வரம்பில் குந்தியிருந்து பார்த்தார். இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து தோளோடு தோள் முட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது எங்கட கொம்புமுறிதானே. கொம்பை மட்டும் ஆரோ களவெடுத்துப் போட்டான்" என்றார்.

கண்ணகி அம்மனுக்காக ஊர் இரண்டு சேரியாக, இரண்டு கட்சியாகப் பிரிந்து, வளைந்த மரக்கொம்போடு கொம்பு கொளுவி இழுக்கும் விளையாட்டுத்தான் கொம்புமுறி. அந்த இழுவையில் பெயர் எடுத்தவர் மாமா. அவருடைய பிடி மச்சானின் காலில் இறங்கியிருந்தது. ரக்பி முட்டலின் நடுவில் இரண்டு பேரின் தோளில் தொங்கிக்கொண்டு, உள்ளே உருளும் பந்தைக் காலால் தன் பக்கம் கொளுவி எடுப்பவனை ஹூக்கர் என்பார்கள். மச்சானின் கால் படும் இடத்தில் பந்து இருக்கும். என் கால் படும் இடத்தில் அடுத்தவன் கால் இருக்கும். ஆகவே அவன் ஹூக்கர், நான் அவனுக்கு மாற்று.

மதராஸில் இரண்டு பள்ளிக்கூடங்களோடு விளையாட அழைப்பு வந்தது. ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பல், மறுபடி ரயில். எங்களில் ஒருவன்கூடக் கப்பல் ஏறியதில்லை. பயணத்துக்கான கடதாசிகளை மாஸ்டர் என்னையும் சேர்த்து எல்லாருக்கும் எடுத்தார். ஆனால் இடம் எனக்கு இல்லை. "உடுப்பை அடுக்கி வை. ஆருக்கும் காய்ச்சல் கீச்சல் வந்தா உன்னைத்தான் ஏத்துவன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் தினமும் பதினைந்து பேருடைய உடம்பைப் பார்த்தபடி இருந்தேன். யாராவது தும்மினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை.

மச்சானின் பெட்டியை அடுக்கியது நான்தான். அவன் வெளிக்கிட என் இடுப்புப் பட்டியைக் கேட்டான், கொடுத்தேன். மாமி பயணத்துக்குப் பயற்றம் பணியாரம் சுட்டு, முதல் இரண்டை என் கையில் வைத்தா. "கவலைப்படாத மனே, அடுத்தமுறை ரெண்டு பேரும் போவீங்க" என்றா. அந்தப் பணியாரத்தைத் தின்றுகொண்டுதான் நான் அதை யோசித்தேன்.

அந்த மாதம் ஊரில் அங்கங்கே கொப்புளிப்பான் இருந்தது. நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம். அம்மாள் வந்திருக்கிறா என்போம். அம்மாள் வந்த வீட்டுக் கடப்பில் இரு பக்கமும் வேப்பங்கொத்துக் கட்டுவார்கள். கிடுகு வேலியில் ஆள் போய்வர விட்டிருக்கும் அந்த வழியில் கொத்தைக் கண்டால் பிறகு ஒருவரும் உள்ளே போகமாட்டார்கள். வெளியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடவும் மாட்டார்கள். யாருக்கு, எத்தனை நாள் என்று விசாரிப்பதும் குற்றம். அந்த வீட்டார் தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை கடப்பைத் தாண்டி வெளியே வரமாட்டார்கள். வேப்பங்கொத்தைக் கண்டவர் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போவார். அதைக் கட்டியது யார் என்று சந்தேகப்பட எங்கள் ஊரில் எவருக்கும் தோன்றாது. அம்மாளின் பெயரால் பொய் சொல்ல ஆள் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

பயணத்தன்று விடிய மாமா வயலுக்குப் போய்விட்டார். மாமியும் மச்சானும் உள்ளே சாமி அறையில் இருந்தார்கள். நான் எங்கள் வேம்பில் ஒடித்த இரண்டு கொத்தை அவர்களுடைய கடப்பின் இரு கட்டையிலும் கட்டினேன். கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதினால் எனக்கு நல்லது, ஆனால் நடுங்கவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவி, அடுக்கி வைத்திருந்த பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன்.

பிள்ளைகளை ஏற்றிவந்த அரிசி மில்லின் வான் மாமி வீட்டடியில் வேகம் குறைத்ததும், பிறகு நிற்காமல், திருப்ப இடமுள்ள எங்கள் வீட்டடிக்கு வந்ததும் இருந்த இடத்திலேயே எனக்குக் கேட்டது. ட்ரைவர் எங்கள் பக்கத்து ஆள். மாஸ்டர் அவருக்குப் பக்கத்தில் குழம்பிப்போய் இருந்தார்.

"ஏன் அங்க நிப்பாட்டேல்ல? திருப்பிப் போய் ஹோன் அடியும்."

"அடிக்கப்படாது சேர். அம்மாள் வந்திருக்கா. கொத்துக் கட்டியிருக்கு, பாக்கலியா?"

மாஸ்டருக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் முகம் மாறியது. "துறைமுகத்தில ஒருத்தனுக்குக் கொப்புளம் எண்டு கண்டா முழு டீமையும் திருப்பி அனுப்புவாங்கள்" என்றவர், என்னைப் பார்த்து, "அங்க ஆருக்கு?" என்று கேட்டார்.

"மாமிக்கு, சேர்" என்றேன், அவருக்கு மட்டும் கேட்க.

கொத்து என்றதுமே அம்மா வாயில் கையை வைத்திருந்தா. அண்ணன் வீட்டுக்கு ஓடவேண்டும் போல அவவுக்கு இருந்திருக்கும். ஆனால் ஓடக்கூடாது. என் தலையில் திருநீற்றைப் போட்டு, "போயிட்டு வா மனே" என்றா. நான் ஏறினேன்.

வான் திருப்பிக்கொண்டு மறுபடி மாமி வீட்டைத் தாண்டியபோது மச்சான் கடப்பில் நின்றான். வெள்ளைச் சட்டை, என் இடுப்புப் பட்டி, காலடியில் பெட்டி. அவனுக்குப் பின்னால் மாமி, வேப்பங்கொத்தைப் பார்த்தபடி அவனுடைய சட்டையைப் பிடித்திருந்தா. அவன் ஒரு கையை உயர்த்தினான். ட்ரைவர் செய்யவேண்டிய முறைப்படி தலையைக் குனிந்துகொண்டு ஓட்டினார். மச்சான் வழியனுப்புகிறான் என்று நினைத்துக்கொண்டு நானும் கையை அசைத்தேன். அப்படி நினைத்துக்கொள்ள முடிந்தது.

மதராஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மச்சானின் அளவுக்குத் தைத்த இரண்டாம் இலக்கச் சட்டை என் தோளில் சாக்குப்போலத் தொங்கியது. இரண்டு ஆட்டத்திலும் தோற்றோம். முட்டலில் பந்து என் காலுக்கு ஒருமுறையும் வரவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் எவனோ ஒருவனின் முழங்கால் என் மூக்குக்கு வந்தது. அதுதான் போன மாதம் கைதட்டல் வாங்கிய மூக்கு.

திரும்பி வந்தபோது ஊர் எனக்கு ஒரு கதை வைத்திருந்தது. மாமி வீட்டில் யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. கொத்தை வீட்டார் கட்டவில்லை. அப்படியென்றால் கட்டியது யார்? மாமிக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. அம்மாளே விடிய வந்து கடப்பில் நின்று பிள்ளையை மறித்திருக்கிறா. மாமா மட்டும், "ஆரோ எரிச்சல் பிடிச்சவன்ட வேலை" என்று ஒருமுறை சொல்லி, மாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். என் மூக்கைக் கண்டதும் மாமிக்குக் கடைசி அத்தாட்சியும் கிடைத்துவிட்டது. மஞ்சளை அரைத்து வீக்கத்தில் பூசிக்கொண்டே அழுதா.

"அவனுக்கு வர இருந்தது உனக்கு மூக்கோட போச்சு மனே. இனி அவனை நான் உப்புத்தண்ணி தாண்ட விடமாட்டன். அம்மாளுக்குச் சொல்லிப் போட்டன்."

மச்சான் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டான். கரை தெரியாத இடம் ஒன்று நடுக்கடலில் வருமாமே, வந்ததா என்று கேட்டான். வந்தது என்றேன். உண்மையில் நான் கப்பலில் தலையைத் தூக்கவேயில்லை. கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்துக்கொண்டே போனேன்.

அடுத்த நாள் பயிற்சியில் மாஸ்டர் அவனைக் கண்டதும், "உன்ட அம்மாவுக்கு இப்ப எப்பிடி? கொப்புளமெல்லாம் வாடிட்டுதா?" என்று கேட்டார்.

மச்சான் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"ஓம் சேர். இப்ப நல்ல சுகம்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. வருடங்கள் போயின. நான் படித்து வெளிநாட்டில் வேலைக்குப் போனேன். மாமா இறந்தார். ஊரில் இளைஞர்கள் காலையில் கடைக்குப் போய் மாலையில் திரும்பாத காலம் வந்தது. மச்சானை என்னோடு கூட்டிப்போகக் கடதாசியெல்லாம் சரிபண்ணிக்கொண்டு வந்தேன். அது நான் அவனுக்குச் செய்யும் பரிகாரம் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

மாமி கேட்கவே மாட்டேன் என்றா. "அம்மாள் தன்ட கையால மறிச்ச பிள்ளை. வாக்கு மாறினா என்ன நடக்குமோ. இஞ்ச இருக்கட்டும், அவ பாத்துக்கொள்ளுவா."

நான் ஒரு வசனம் சொன்னால் போதும். அது நான் கட்டின கொத்து மாமி, அவ்வளவுதான். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். மச்சான் தாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"நீ என்ன சொல்றாய் மச்சான்?" என்றான்.

நான் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னால் மாமி என்னை எப்படிப் பார்ப்பா, அம்மா என்ன நினைப்பா என்றுதான் யோசித்தேன். "மாமிட மனதை நோகடிச்சுக் கூட்டிப்போய் என்ன செய்யிற" என்றேன்.

அவன் கொஞ்சம் சிரித்தான். "சரி, தேத்தண்ணியைக் குடி. ஆறுது" என்றான்.

நான் திரும்பிப் போன சில மாதத்தில் ஒரு விடியலில் அந்தக் கடப்பில் ஒரு வாகனம் நின்றது. வந்தவர்கள் அவனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்களாம். அவன் வரவில்லை. அவனைப் பற்றி ஒரு தகவலும் இன்றுவரை இல்லை. மாமி அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தா. நான் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் ஒன்றையே சொல்லுவா. "அவன் கடல் தாண்டாத பிள்ளை மனே. நிலத்தில எங்க இருந்தாலும் நடந்தெண்டாலும் வந்திடுவான்." அப்போதும் நான் சொல்லவில்லை. மாமி அதை நம்பிக்கொண்டே கண்ணை மூடினா.

சின்ன வயதில் செய்ததற்குச் சின்ன வயதைக் காரணம் காட்டலாம். தேநீர்க் கோப்பையோடு இருந்தவனுக்குக் காட்ட ஒரு காரணமும் என்னிடம் இல்லை. ஆனால் இரவில் என்னை எழுப்புவது அந்தக் கோப்பை அல்ல, வானிலிருந்து பார்த்த அந்த உயர்த்திய கையும் அல்ல. மாஸ்டர் அவனிடம் கேட்ட அந்த நாளின் மாலை.

பயிற்சி முடிந்து வழமைபோல அவன் மிதிக்க, நான் பாரில் இருந்து வீட்டுக்குப் போனோம். பாலத்துக்கு வந்ததும் அவன் மிதிப்பதை மெதுவாக்கினான். பின்னால் வந்த மாட்டு வண்டிகூட எங்களைத் தாண்டிப் போனது. என் பிடரியில் அவனுடைய மூச்சுப் பட்டுக்கொண்டிருந்தது. பாலம் முடிந்த இடத்தில் காலை ஊன்றிச் சைக்கிளை நிறுத்தி, நான் ஏதும் சொல்வேனா என்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மறுபடி மிதித்தான்.

பயிற்சியில் அவனுக்குக் கால் உளைந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, நான் வாவியில் இறால் பிடிக்க இறங்கிய தோணிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.