ஞாயிற்றுக்கிழமைப் பனிக்கட்டி

பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில், காரைக்கால் அகுஸ்தேன் சுங்க அலுவலக எழுத்தர். பவிசோ கவர்னர் பவிசு! ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்க்காரர்களை வீட்டுக்கு அழைத்துவந்து, பனிக்கட்டி மிதக்க மிதக்க மது ஊற்றிக் கொடுப்பார். சம்பளமெல்லாம் அதற்கே போனது. பாக்கி ஏறியதும் பனிக்கட்டிக்காரன் வருவதை நிறுத்திவிட்டான்.

அந்த வாரம்தான் மனைவி தெரேஸுக்குக் காய்ச்சல் கொதித்தது. நெற்றியில் பனிக்கட்டி ஒற்றச் சொன்னார் மருத்துவர். சிக்கனமாக வாழ்ந்த சக எழுத்தர் ஜெராரிடம் அகுஸ்தேன் ஓடினார்.

"அண்ணே, தெரேஸுக்குக் காய்ச்சல். ஐஸ் வாங்கக் கொஞ்சம் காசு வேணும்."

"ஐஸுக்கு உங்க வீட்டுலயா பஞ்சம்? வெளையாடாதீங்க, மொசியே!" என்று ஜெரார் வாய்விட்டுச் சிரித்தார்.

பெருமை பேசியே பழகிய வாய். அகுஸ்தேனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டார். அதற்குமேல் எப்படிக் கேட்பது?