ரத்தம் வந்த இடத்தில் ஒரு கோடு

இறைச்சி ஆலையில் அவனுக்குப் பெயர் வெட்டு. எலும்பிலிருந்து சதையைப் பிரிக்கிற மேசையில் பதினேழு வருஷமாக என் பக்கத்தில் நிற்கிறான். இடது கையில் இரும்பு வளையங்களால் பின்னிய உறை, வலது கையில் கத்தி. நான் ஒரு மாட்டுத் தொடையை முடிப்பதற்குள் அவன் இரண்டாவதைத் தள்ளிவிடுவான். கோபம் வந்தால் கத்தியை மேசையில் குத்தி நிறுத்திவிட்டு வெறுங்கையால் அடிப்பான். அந்த நாகரிகம் உண்டு. மேஸ்திரிக்கு ஒரு தடவை, லாரிக்காரனுக்கு இரண்டு தடவை, எனக்கு ஒரு தடவை விழுந்திருக்கிறது.

அதே கைதான் பியானோவும் வாசிக்கும் என்றால் யாரும் நம்புவதில்லை. அவன் அம்மா ஒரு இசைப் பள்ளியில் தரை துடைத்தவள். வாளியோடு கூடப் போனவன், அவள் துடைத்து முடிக்கும் வரை அங்கிருந்த பியானோவைத் தட்டித் தட்டியே கற்றுக்கொண்டான். ஆலை மதியம் இரண்டு மணிக்கு விடும். இரண்டரைக்குத் தொழிற்சங்கக் கூடத்துப் பியானோ முன்னால் உட்கார்ந்திருப்பான்.

சொந்தமாக ஒரு பாட்டு எழுதினான். பியானோ இவன், சாக்ஸபோன் இவன் அக்கா புருஷன். அவர் பஸ் டிரைவர். சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்க இடம் கொடுத்தார்கள். பத்து வாரம் இருந்தது. பக்கம் திருப்புவது என் வேலை. காகிதத்தில் அவன் எழுதிய சுரப் புள்ளிகள் எனக்கு ஒன்றும் புரியாது. அவன் தாடையை ஆட்டினால் திருப்புவேன்.

முதல் ஒத்திகையில் டிரைவர் பாதியில் நிறுத்தினார். முகம் கன்றிப் போயிருந்தது.

"மச்சான், நீ விரலால எழுதியிருக்க. நான் வாயால ஊதணும். மூச்சு எங்க விடுறது?"

"விடாம ஊதுங்க மாமா. அதுதான் பாட்டு."

"செத்துருவேன்டா."

"செத்தா அக்காவை நான் பாத்துக்கறேன்."

இரண்டாம் வாரமும் இதே பேச்சு. அவன் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. மூன்றாம் வாரம் டிரைவர் என்னைப் பார்த்து, "மாட்டை வெட்டத் தெரியுது இவனுக்கு, பாட்டை வெட்டத் தெரியல" என்றார். நான் சிரித்துத் தொலைத்தேன்.

"இந்த எடத்தைக் கேளு" என்று டிரைவர் மறுபடி ஊதினார். வெட்டு எழுந்தான். சாக்ஸபோன் டிரைவர் வாயில் இருக்கும்போதே குழலின் வளைவில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தான். முன்பல்லில் பாதி பியானோவுக்கு அடியில் போய் விழுந்தது. மேலுதடு இரண்டாகப் பிளந்து, ரத்தம் சட்டையெல்லாம் கொட்டியது. டிரைவர் கீழே கிடந்தபடியே அவன் முழங்காலில் ஒரு உதை விட்டார். அவன் ஸ்டூலையும் தள்ளிக்கொண்டு சாய்ந்தான். நான் நடுவில் புகுந்து இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டேன்.

ஆறு தையல். "கோணலாச் சேந்தா ஊதுறதை மறந்துருங்க" என்றார் டாக்டர்.

மறுநாள் ஆலை வாசலில் அக்கா நின்றிருந்தாள். அத்தனை பேர் பார்க்கச் செருப்பைக் கழற்றினாள்.

"பஸ்ஸை விட்டு எறங்குனா அவரு தேடுறது அது ஒண்ணைத்தான்டா. அதையும் புடுங்கிட்டியே, பாவி!"

குனிந்து நின்று வாங்கினான். அவனை அப்படி நான் பார்த்ததில்லை.

ஏழாம் வாரம் டிரைவரிடமிருந்து ஆள் வந்தது: "பாட்டை எடுத்துட்டு வரச் சொல்லு. மூஞ்சியை வீட்லயே வச்சிட்டு வரச் சொல்லு."

கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு டிரைவர் ஊதுவார். ரத்தம் கசிந்ததும் கையைத் தூக்குவார். வெட்டு அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அங்கே ஒரு மூச்சுக்கு இடம் வெட்டுவான். முதல் நாள் நான்காவது வரியிலேயே கோடு. அடுத்த நாள் இரண்டாம் பக்கம். ஒரு நாள் வலி தாங்காமல் டிரைவர் காகிதம் வைக்கிற இரும்புத் தாங்கியை எடுத்து எறிந்தார். வெட்டின் புருவம் கிழிந்தது. துடைத்துக்கொண்டு எழுதினான்.

கடைசிப் பக்கத்தில் ஒரு நீண்ட மேல் சுரம். ஒவ்வொரு தடவையும் உதடு அங்கே பிய்ந்தது. வெட்டு அதை எடுத்துப் பியானோவுக்குக் கொடுத்துவிட்டான்.

"அது என்னோடதுடா. திரும்ப வை."

"மாட்டேன் மாமா. இன்னொரு தடவை கிழிஞ்சா அவ்வளவுதான்."

கூட்டத்தன்று எல்லாம் சரியாகப் போனது. கடைசிப் பக்கத்தில் வெட்டு அந்தச் சுரத்துக்குக் கையைத் தூக்கினான். அதற்குள் டிரைவர் அதைப் பிடித்துவிட்டார். இவன் கை அந்தரத்தில் நின்றது. ஒற்றைச் சுரம் போய்க்கொண்டே இருந்தது. டிரைவரின் தாடையில் இறங்கிய ரத்தம் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. முன்வரிசை எழுந்துவிட்டது.

மேடைக்குப் பின்னால் வந்ததும் டிரைவர் குழலைப் பத்திரமாக வைத்துவிட்டு விட்டார் ஒரு அறை.

"ஏன்டா கையை எடுத்த? கூட வாசிக்க வேண்டியதுதானே? தனியா விட்டுட்டியேடா என்னை!"

வெட்டு கன்னத்தைத் தடவிக்கொண்டான். திருப்பி அடிக்கவில்லை. காகிதத்தை விரித்து, அந்தச் சுரத்தை இரண்டு பேருக்கும் எழுதினான்.

மறுபடி தைத்தார்கள். உதடு கோணலாகத்தான் சேர்ந்தது. ஆனாலும் ஊதுகிறார், இடது ஓரமாக வைத்து. அந்த வாய்க்குத் தோதாக அவன் இப்போது பாட்டை முதலிலிருந்து எழுதுகிறான். நேற்று கூடத்தில் ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. யார் எறிந்தது என்று சங்கத்தில் கேட்டார்கள். நான் பக்கம் திருப்புகிறவன், எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன்.