வாசலில் ஐந்து ஜோடி

அண்ணி எந்த வீட்டிலும் எடுத்தவுடன் கதவைத் தட்டியதில்லை. முதலில் குனிந்து வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பார். பார்த்து முடித்ததும், தோளில் இறங்கிவிட்ட பையை மேலே ஏற்றிக்கொண்டு, அதன் பிறகே தட்டுவார்.

நாத்தனார் இதை நேரில் பார்ப்பதற்கு இரண்டு வருடங்கள் ஆயின. அதுவரை அண்ணியின் வேலை அவளிடம் காகிதமாகத்தான் வந்துகொண்டிருந்தது. இருவருக்கும் ஒரே அலுவலகம். நகரத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேருக்குக் கண் கோளாறு, எத்தனை பேருக்கு எலும்புத் தேய்மானம் என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் அலுவலகம் அது. அண்ணி தெருவில் நடப்பவர். நாத்தனார் கணினி முன்னால் உட்காருபவள். இரண்டே விரல்களால் விசைப்பலகையைக் கொத்துவதால் அவளுக்கு மரங்கொத்தி என்று அண்ணி பெயர் வைத்தார். ஒரே வாரத்தில் அலுவலகம் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"மெதுவா அடிடி. அந்தப் பலகைக்கு வாய் இருந்தா அழும்."

"உங்க கையெழுத்தைப் படிக்கிற என் கண்ணு அதுக்கு முன்னாடியே அழுதுடும் அண்ணி."

"அழட்டும். அதையும் கோளாறுன்னு எழுதிக்கிறேன்."

கல்யாணத்துக்கு முன்னால் அண்ணி பதினொரு வருடம் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தவர். நாள் முழுக்க மனிதர்களின் காலடியில் மணைபோட்டு உட்கார்ந்து, யாருடைய காலையோ மடியில் வைத்து அளவு பார்த்த வேலை. புகுந்த வீட்டில் யாரும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. மரங்கொத்திகூட ஒரு சண்டையில் அதைச் சொல்லிக் குத்தியிருக்கிறாள். அண்ணி அப்போது அவள் காலைப் பார்த்துவிட்டு, "உன் வலது குதிகால் உள்பக்கம் தேயுது. கால் வளைஞ்சு நடக்கிற, பாத்துக்கோ" என்றார்.

கணக்கெடுப்புப் பையின் கனம் மூன்று வயதுப் பிள்ளையின் கனம் இருக்கும். எழுத்துத் தெரியாதவர்களுக்காக முட்கரண்டிபோல நான்கு பக்கமும் திரும்பி நிற்கும் குறிகள் அச்சடித்த அட்டை, ஆறு மீட்டர் கயிறு, டார்ச், பாதத்தை உள்ளே வைத்தால் எலும்பின் உறுதியைச் சொல்லும் குதிகால் பெட்டி. ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம். ஊழியரின் எண் மட்டும் மேலே இருக்கும். அண்ணி ஏழாம் எண்.

மாதக் கடைசியில் ஊழியர்வாரியாகக் கூட்டுத்தொகையை அச்செடுத்து டாக்டரின் மேசையில் வைப்பது மரங்கொத்தியின் வேலை. அந்த மாதமும் வைத்தாள். அரை மணி நேரத்தில் டாக்டர் கூப்பிட்டார். அவர் கண் மருத்துவர். குரலை உயர்த்தாமலே ஆளை உட்கார வைத்துவிடக்கூடியவர்.

"மத்தவங்க கணக்குல நூத்துக்குப் பன்னிரண்டு பேருக்குப் பார்வைக் குறைவு. ஏழாம் நம்பருக்கு முப்பத்தொண்ணு. எலும்பு மத்தவங்களுக்கு ஒன்பது, இவங்களுக்கு இருபத்தேழு. ஒண்ணு பெட்டி கெட்டிருக்கணும், இல்ல பென்சில் கெட்டிருக்கணும்."

"அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல சார்."

"உங்க அண்ணின்னு தெரியும்மா. அதனாலதான் உங்ககிட்டயே சொல்றேன். அவங்க இந்த மாசம் எடுத்த அந்தத் தெருவோட அறுபத்து நாலு படிவத்தையும் ஒதுக்கி வைக்கப்போறேன்."

ஒதுக்கிவிட்டால் அந்தத் தெருவுக்கு மருத்துவமனை அழைப்பு போகாது. அடுத்த கணக்கெடுப்பு ஐந்து வருடம் கழித்து.

மதியச் சாப்பாட்டின்போது மரங்கொத்தி விஷயத்தைச் சொன்னாள். அண்ணி டப்பாவை மூடி வைத்தார்.

"என்னை அனுப்பினா அனுப்பட்டும். மறுபடியும் செருப்பு விப்பேன். அந்தத் தெருவை அடிச்சிட்டா அஞ்சு வருஷம் அங்க யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. அதுக்குள்ள பாதிப் பேருக்குப் பார்வை போயிடும்டி."

"நான் என்ன பண்றது?"

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவரை என்கூட வரச் சொல்லு."

"வேலியில போற ஓணானை எடுத்து என் மடியில விடறீங்க."

"உன் மடி பெரிசுதான், இடம் இருக்கும்."

டாக்டர் சம்மதித்தார். இரண்டு நிபந்தனைகள். மூன்றாம் எண் ஊழியரின் பெட்டியைத்தான் எடுத்துவர வேண்டும். கதவைத் தட்டுவதும் பேசுவதும் அவர். ஏழாம் எண் பின்னால் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். எழுதுவதற்கு மரங்கொத்தி.

சரக்குக் கிடங்குக்குப் பின்புறமிருந்த தெரு அது. மூட்டை தூக்குகிறவர்களும், வண்டியில் சரக்கு ஏற்றுகிறவர்களும் குடியிருந்தார்கள். முதல் மூன்று வீடுகளில் வந்து நின்றவர்களைச் சோதித்ததில் ஒருவருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு வீட்டை விட்டு வரும்போதும் அண்ணி வாசலைப் பார்ப்பதையும், உதட்டைக் கடித்துக்கொள்வதையும் மரங்கொத்தி பார்த்தாள். அண்ணி பொய் எழுதியிருப்பாரோ என்று ஒரு கணம் அவளே நினைத்துவிட்டாள்.

நான்காம் வீட்டில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். "நாற்பதுக்கு மேல நானும் எங்க வீட்டுக்காரரும்தான். ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்" என்றாள். டாக்டர் பேனாவைக் காட்டினார். மரங்கொத்தி எழுதப் போனாள்.

"வாசல்ல அஞ்சு ஜோடி கிடக்குது" என்றார் அண்ணி.

டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"நாலு ஜோடி நடந்த செருப்பு. அஞ்சாவதுல வாருக்குக் குறுக்க சிலந்தி நூல் கட்டியிருக்குது. அடி கொஞ்சமும் தேயலை. ஆம்பளைக் கால், பெரிய கால். வாங்கின ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கணும், இல்லன்னா செருப்பை எடுத்துப் போட்டிருப்பாங்க. யாரோடதுன்னு டாக்டர்கிட்ட சொல்லும்மா."

பெண்ணின் முகம் மாறியது. "எங்க வீட்டுக்காரரோட அண்ணன். அவர் வெளிய வர்றதில்ல. போன தடவை இந்த அக்கா எண்ணிட்டுப் போனாங்களே, மறுபடியும் எண்ணணுமா?"

அவரைப் பின்கட்டு அறையில், கட்டில் விளிம்பில் பார்த்தார்கள். ஐம்பது வயதுதான். முகம் மட்டும் உப்பி வட்டமாக இருந்தது; கைகள் குச்சி. ஒரு மணிக்கட்டில் கட்டு. ஈரத் துண்டைப் பிழியும்போது முறிந்துவிட்டதாம். தம்ளரைக் கீழே வைக்குமுன் சுண்டுவிரலை நீட்டிக் கட்டில் சட்டம் எங்கே முடிகிறது என்று தேடினார். அதை அண்ணி கண்ணாலேயே டாக்டருக்குக் காட்டினார்.

சுவரில், சட்டை மாட்டும் ஆணி ஒன்று உயரத்தில் இருந்தது. அதில் ஒன்றும் தொங்கவில்லை. சட்டைகள் எல்லாம் கட்டில் காலில் கிடந்தன.

"இந்த ஆணியை அடிச்சது யாருங்க?" என்று அண்ணி கேட்டார்.

"நான்தாம்மா. குடிவந்த அன்னிக்கு அடிச்சேன்."

"ஏதாவது மேல ஏறி நின்னு அடிச்சீங்களா?"

"எதுக்கு? அப்ப எட்டுச்சு."

"இப்ப?"

அவர் கட்டிலைப் பிடித்து எழுந்து, நல்ல கையைத் தூக்கினார். ஆணிக்கும் விரல் நுனிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. தன் வீட்டுச் சுவர் வளர்ந்துவிட்டதுபோல அவர் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் தன் விரல்களை வைத்து அந்த இடைவெளியை அளந்தார். முதுகெலும்பு ஒவ்வொன்றாக உள்ளே அமிழ்ந்தால்தான் ஒரு மனிதன் இப்படிக் குறைவான். அதைச் சொல்லக் கருவிகள் உண்டு. இங்கே ஓர் ஆணி சொல்லியது. பிறகு டார்ச்சை வாங்கி அவர் கண்ணுக்குள் அடித்துப் பார்த்தார். புரை, கண்மணிக்கு நடுவில். குதிகாலை மூன்றாம் எண்ணின் பெட்டியில் வைத்தார்கள். அதுவும் ஏழாம் எண் எழுதியதையே சொன்னது.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். மூட்டு வலிக்கு மூலைக்கடையில தர்ற வெள்ளை மாத்திரைதான். ஒன்பது வருஷமா. போட்டா ஒரு மணி நேரத்துல மூட்டை தூக்கலாம். தெருவுல எல்லாரும் போடறதுதான்."

காகிதத்தில் மடித்த மாத்திரைகள். பெயரில்லை. டாக்டர் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, ஸ்டீராய்டாக இருக்கும் என்றார். வலியை அடக்கும், வருடக்கணக்கில் போட்டால் எலும்பையும் கண்ணையும் சேர்த்தே தின்னும். "நீங்களா உடனே நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். நான் சொல்றேன்." பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினார். "இது உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன மாத்திரைன்னு தெரியாது சார். போட்டவங்களுக்குத்தான் ரெண்டும் கெட்டிருக்குதுன்னு தெரியும். எல்லாப் படிவத்துலயும் ஓரத்துல எழுதியிருக்கேனே."

மரங்கொத்தியின் கையில் பேனா நின்றது. எழுதியிருந்தார். அறுபத்து நாலு படிவங்களின் ஓரத்திலும் பென்சிலில், சாய்ந்த கையெழுத்தில்: வெள்ளை மாத்திரை உண்டு, இத்தனை வருடம், வெள்ளை மாத்திரை இல்லை. அவள் ஒவ்வொன்றையும் பார்த்திருக்கிறாள். கணினியில் அதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை அவள் அடிப்பதில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சட்டியில் போடாதவள் அவள்தான்.

"நான்தான் சார் ஏத்தலை" என்றாள்.

அண்ணி அவளைப் பார்க்காமல் சொன்னார்: "கட்டம் இல்லாத இடத்துல கொத்தினா மூக்கு உடையும்னு நினைச்சிருக்கா. விடுங்க சார்."

முதல் மூன்று வீடுகளுக்கும் திரும்பிப் போனார்கள். இப்போது டாக்டரும் குனிந்து பார்த்தார். தையல் இயந்திரத்துக்குப் பின்னால் ஒருத்தி, மாடிப்படிக்கு அடியில் ஒருவர், சமையலறையில் சுவரைத் தடவித் தடவி நடந்த ஒருத்தி. கண் தெரியாதவர்களும் எலும்பு முறிந்தவர்களும் கதவைத் திறக்க வருவதில்லை. வந்து திறந்தவர்களை எண்ணித்தான் மற்ற ஊழியர்கள் இரண்டு வருடம் நகரத்தைக் கணக்கெடுத்திருந்தார்கள். தெருமுனையில் நின்றபோது டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்போ தப்பு இந்தத் தெருக் கணக்குல இல்ல. மிச்ச ஊர்க் கணக்குல" என்றார்.

மரங்கொத்தி அண்ணியின் கால்களைப் பார்த்தாள். பதினைந்து வருடமாக ஒரே வீட்டில் நடமாடும் கால்கள். இடது செருப்பின் வெளி விளிம்பு தேய்ந்திருந்தது. பை தொங்கும் பக்கம். அதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அறுபத்து நாலு படிவங்களின் ஓரங்களை அவள் இரண்டு நாளில் ஏற்றினாள். தெருவுக்கு அழைப்பு போனது. மூலைக்கடையின் அலமாரியைச் சோதிக்க ஆட்கள் வந்தார்கள். அடுத்த அச்சில் படிவத்தின் முதல் கேள்வி மாறியிருந்தது: வாசலில் எத்தனை ஜோடி, முன்னால் வந்தவர் எத்தனை பேர்.

அந்தப் புதிய படிவத்தோடு அண்ணி மூன்று வருடம் நடந்தார். பிறகு ஒரு காலையில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். கண்ணிலும் எலும்பிலும் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

அன்று பகலெல்லாம் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். உள்ளே இருக்க முடியாமல் மரங்கொத்தி வாசலுக்கு வந்தாள். படியிலும், படிக்குக் கீழேயும், சுவரோரமும் செருப்புகள். தன்னை அறியாமல் குனிந்தாள். குதிகால் தேய்ந்தவை, கட்டைவிரல் பக்கம் பள்ளமானவை, புதுத்தையல் போட்டவை. கடைசிப் படியில் ஒரு பெரிய ஆண் ஜோடி கிடந்தது. ஒருகாலத்தில் சிலந்தி நூல் கட்டியிருந்த அந்த வாரை அவளுக்குத் தெரியும்.

கையில் எடுத்துத் திருப்பினாள். அடி இரண்டு பக்கமும் ஒரே அளவில் நன்றாகத் தேய்ந்திருந்தது.