மூன்று மாதம் முடியும்வரை

மலேசியாவில், கமுந்திங்கில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. கையுறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துப் பெட்டியில் போட வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். எங்கள் வரிசையில் பன்னிரண்டு பெண்களுக்கு ஒரே ஒரு முக்காலி. மாதவிலக்கு வந்தவளுக்கு முதல் நாள் அதைக் கொடுத்துவிடுவோம். அது நாங்களே வைத்துக்கொண்ட வழக்கம். மேலாளரைக் கேட்டிருந்தால் அந்த ஒன்றையும் தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து எனக்கு நாள் தள்ளிப்போனது. மாமியார் முதல் வேலையாக என் வாயைக் கட்டினார்.

"மூணு மாசம் முடியட்டும். அது வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாத. கண்ணு பட்டுரும்."

அத்தனை வருடம் காத்திருந்த எனக்கும் பயம் அதிகம். நானும் தலையாட்டினேன்.

ஏழாவது வாரத்தில் ஒரு நாள் தலைசுற்றல் தாங்கவில்லை. "அக்கா, எனக்கு வந்துருச்சு" என்று புளுகினேன். வரிசையில் மூத்தவரான அக்கா முக்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார். பெரிய சாமர்த்தியசாலி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து நிஜமாகவே வலித்தது. இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. மறுபடி முக்காலி கேட்டேன்.

"இப்பதானே உக்காந்த? மாசத்துக்கு ஒரு தடவதான் லா. அந்தப் புள்ளைக்கு இன்னைக்கு முதல் நாள், பாவம்."

அக்கா சொன்னதில் தப்பே இல்லை. உண்மை வாய்வரை வந்தது. மாமியார் சொன்னது நினைவுக்கு வர, விழுங்கிவிட்டேன். பிள்ளைக்கு ஆகாதென்று வலிக்குப் பனடோல் மாத்திரைகூடப் போடாமல் நின்றேன். மத்தியான ஓய்வில் கழிப்பறைக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

நின்று வேலை செய்ததால் இல்லை, ஆரம்பத்தில் சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். படித்தவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார். பாழும் மனம்தான் இன்றுவரை கேட்க மாட்டேன் என்கிறது.

காய்ச்சல் என்று சொல்லி ஒரு வாரம் படுத்திருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். அக்கா அருகில் வந்து நின்றார்.

"அன்னைக்கு நெசமாவே வலியா? ஒரே மாசத்துல ரெண்டு தடவ வந்தா சும்மா விடாத, டாக்டரப் போய்ப் பாரு லா. ஒரு புள்ள தங்கணும்ல?"

"பாக்குறேன்கா" என்றேன். வேறென்ன சொல்ல? எனக்கு ஒரு பிள்ளை இருந்தது என்பது அந்த வரிசையில் யாருக்கும் தெரியாது.