வாண்டா கூப்பிடாத பெயர்கள்

“ஏழு, டால்ஃபின்ஸ். ஒரு ஆட்டம்கூட தோக்காத மகராசங்க. வந்து எடு கண்ணு, ஆறிடும்.”

சமையலறைச் சன்னலில் தலையை நீட்டி வாண்டா பாவ்லாக் கூவுகிறார். எங்கள் பஃபலோ நகரத்தின் கிழக்கு ஓரத்தில், அவரும் கணவர் ஸ்டானும் நடத்தும் மதுக்கடையில் பொரித்த கோழிச் சிறகுக்குத்தான் கூட்டம். அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் இறுதிப்போட்டி நடக்கும் ஞாயிறன்று டோக்கன் எண்ணை மட்டும் சொல்ல அவருக்கு வாய் வராது. ஆண்டுக்கொன்றாக நடக்கும் அந்தப் போட்டிகளுக்கு வரிசை எண் உண்டு; டோக்கன் எண்ணுள்ள போட்டியில் வென்ற அணியின் பெயரும் கூடவே வரும். ஒன்றும் இரண்டும் பேக்கர்ஸ், மூன்று ஜெட்ஸ், நான்கு சீஃப்ஸ். எதையும் பார்த்துச் சொல்வதில்லை.

வயது எழுபது. முன்கை முழுக்க எண்ணெய் தெறித்த தழும்பு. சிறகுக்குத் தொட்டுக்கொள்ள ப்ளூ சீஸ் தவிர வேறு எதையாவது கேட்டால், “அது வேணும்னா வண்டிய எடுத்துக்கிட்டு வேற ஊருக்குப் போ” என்பார்.

ஆனால் இருபத்தைந்து முதல் இருபத்தெட்டு வரை, வென்ற அணியின் பெயர் அவர் வாயில் வந்ததே கிடையாது. அந்த நான்கிலும் வரிசையாகத் தோற்றது எங்கள் பில்ஸ் அணி. அதிலும் இருபத்தைந்தாவதில் ஒரே ஒரு புள்ளி. வெற்றி தந்திருக்க வேண்டிய எங்கள் கடைசி உதை கம்பத்துக்கு வலப்புறமாகப் போய்விட்டது. மறுநாள் குளிரில் ஊரே சதுக்கத்தில் திரண்டு, உதை தவறிய ஆட்டக்காரரையே பேர் சொல்லி அழைத்துக் கைதட்டியது. தொண்டை கட்டும்வரை கத்தியவர்களில் வாண்டாவும் ஒருவர். அதனால் அந்த நான்கு டோக்கனுக்கும் ஒரே கூப்பாடு: “நம்ம பசங்க.” ஏன் என்று கேட்டால், “ஜெயிச்சவனுக்குக் கோப்பை இருக்கு. இவங்களுக்கு நம்மள விட்டா யாரு?”

இந்த ஆண்டு இருபத்தைந்தாம் டோக்கன் வின்ஸ் டெலூக்காவுக்கு வந்து வாய்த்தது. நியூ ஜெர்சிக்காரன். அன்று எங்களைத் தோற்கடித்த ஜயன்ட்ஸ் அணிக்கு ரசிகன் வேறு. பனி தள்ளும் லாரி ஓட்டுகிறான். போன கிறிஸ்துமஸ் பனிப்புயலில் ஆம்புலன்ஸ்கூட வர முடியாதபோது, டயாலிசிஸ் தவறி மூச்சு முட்டிக் கிடந்த ஸ்டானைத் தன் லாரியில் ஏற்றி, வழியெல்லாம் பனியைத் தள்ளிக்கொண்டே போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் இவன்தான்.

கடையில் எல்லோருக்கும் அது தெரியும். அதற்காக விட்டுவிடுவார்களா?

“டெலூக்கா, இன்னிக்கு உனக்குப் பட்டினிதாண்டா” என்றார் தபால்கார மைரான்.

வின்ஸ் எழுந்து சன்னலருகே போனான். “நீங்க வழக்கம்போலயே கூப்பிடுங்கம்மா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

வாண்டா அடுப்புப் பக்கம் திரும்பினார். சிறகுகளைக் காரச் சாற்றில் போட்டுக் குலுக்கினார். தேவைக்கு மேலேயே குலுக்கினார். முப்பது வருஷத்துக்கு மேல் காப்பாற்றிய வைராக்கியம். அதை விடுவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும்.

“இருபத்தஞ்சு” என்றார். தட்டைக் கையில் எடுத்தார். “ஜயன்ட்ஸ். நல்லா ஆடித்தான் ஜெயிச்சாங்க.”

ஒருவரும் சிரிக்கவில்லை. மைரான் பீர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது, மறைப்பானேன்.

வின்ஸ் தட்டுக்காகக் கையை நீட்டினான். வாண்டா கொடுக்கவில்லை. தட்டோடு வெளியே வந்து, ஸ்டானுக்குப் பக்கத்தில் தான் வழக்கமாக உட்காரும் நாற்காலியை இழுத்து, அவன் தோளை அழுத்தி அதில் உட்காரவைத்தார்.